20.92 போன பிறகு

செந்தூல்,
கோலாலம்பூர்

அன்பு நண்பா,

நலம். அங்கே வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பார்த்ததாக நம் தேசியக் காற்பந்துக் குழுவின் அந்தப் பழைய படத்தை, "நம்மவர்களை நாடு மறந்துவிட்டது" என்ற வரியோடு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதுமே பதில் போடத்தான் உட்கார்ந்தேன். கட்டைவிரலால் இரண்டு வரி தட்டிப் பார்த்தேன். இது அதில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை என்று தோன்றியது, விட்டுவிட்டேன். இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. மூத்தவளுக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்து போய்விட்டாள். பேரன் மட்டும் எங்களோடு இருந்து படிக்கிறான். வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது, எனக்குத்தான் முழங்கால் மக்கர். படி ஏறாதே என்கிறார் டாக்டர். நாங்கள் இருப்பதோ நான்காவது மாடி, லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் ஓய்வில் இருக்கும். சரி, அது கிடக்கட்டும்.

படத்தைப் பேரனிடம் காட்டினேன். மொக்தார் டஹாரியைச் சட்டென்று சொல்லிவிட்டான். நாட்டுக்காக 142 ஆட்டம், 89 கோல் என்று கணக்கும் ஒப்பித்தான். சோ சின் ஆனைக் கேள்விப்பட்டிருக்கிறான். பக்கத்தில் தலைப்பாகைக்கு முடிச்சுப் போட்டு நிற்கும் சந்தோக் சிங்கைத் தெரியவில்லை. நெடுநெடுவென்று ஓரத்தில் நிற்கிறவர் யார் என்று கேட்டான். ஆறுமுகம் என்றேன், 'ஸ்பைடர்மேன்' என்றுதான் ஊரே கூப்பிடும் என்றேன். பையன் சிரித்தான். சிரித்தால் சிரிக்கட்டும். அந்த நீளக் கையை அவன் நேரில் பார்த்ததில்லையே.

உனக்கு நினைவிருக்கும், நம் திடலில் கோல் காவலராக நிற்க யாருமே வரமாட்டார்கள். குண்டாக இருக்கிறவனையோ கடைசியாக வந்தவனையோ பிடித்து நிறுத்துவோம். ஆறுமுகம் தேசியக் குழுவுக்குப் போனதும் கதை தலைகீழாக மாறிவிட்டது. கோலில் நிற்பதற்குச் சண்டை, அதில் நீயும் ஒரு ஆள். 1988-இல் சாலை விபத்தில் அவர் போன செய்தி வந்தபோது வயது 35தான். அடுத்த மூன்றாவது வருஷம் மொக்தார், 37 வயதில், நரம்பும் தசையும் தளர்ந்துபோகிற அந்தக் கொடிய நோயில். ஒரே குழுவின் இரண்டு முனையிலும் நின்றவர்கள், இரண்டு பேருமே நாற்பதைப் பார்க்கவில்லை.

என் அப்பாவை உனக்குத் தெரியும். ரயில்வே பட்டறை வேலை முடிந்து வந்தால் பேச்செல்லாம் கானி மின்ஹாட்டைப் பற்றித்தான். 'ராஜா போலா', அதாவது காற்பந்து ராஜா என்று பட்டம் வாங்கிய ஆளுக்குப் பிறகு இந்த நாட்டில் பந்தைத் தொட யாருக்கும் தகுதி இல்லை என்பது அவர் தீர்ப்பு. 1962-இல் ஜக்கார்த்தா ஆசியப் போட்டியில் மலாயா வெண்கலம் வாங்கியதை நேற்று நடந்ததுபோல் சொல்வார். 1975-இல் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக் குழு அர்செனலுக்கு எதிராக மொக்தார் இரண்டு கோல் போட்டு 2-0 என்று ஜெயித்த பிறகும் மனிதர் அசையவில்லை. "வெள்ளைக்காரனுக்கு வெயில் ஒத்துக்கல" என்று முடித்துவிட்டார். 1978-இல் இங்கிலாந்து 'பி' அணியோடு 1-1 சமன் ஆனபோதும் கோல் மொக்தாருடையது. அதற்கும் ஏதோ ஒரு சாக்கு வைத்திருந்தார்.

1980 ஆட்டத்தைப் பற்றி நாம் பேசாத வருஷமே இல்லை, ஆனாலும் ஒரு வரி எழுதாமல் விட மனசு வரவில்லை. ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், தென்கொரியா, 2-1. ஹசான் சானி, ஜேம்ஸ் வோங் என்று சபாவிலிருந்து வந்த அந்த ஜோடி. ஆட்டம் முடிகிற நேரத்தில் ஜேம்ஸ் வோங் போட்ட கோலுக்கு நீ முன்னால் இருந்த சீனர் ஒருவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாய், அவர் உன்னைத் திருப்பித் தூக்கினார். அப்புறம் என்ன ஆயிற்று? சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதற்காக நம் நாடும் மாஸ்கோவைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. 1972-இல் மூனிச்சுக்குப் போய் அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்த குழுதான் இன்றுவரை ஒலிம்பிக் காற்பந்தில் ஆடிய ஒரே மலேசியக் குழு. 1980 குழு ஜெயித்தும் போகவில்லை. போகாததால்தான் இன்னும் அதைப் பேசுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இப்போது உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "நம்மவர்களை நாடு மறந்துவிட்டது" என்று எழுதியிருந்தாய். காற்பந்தைப் பொறுத்தவரை நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறுமுகத்தை நம்மைவிட மலாய்க்காரர்கள் அதிகம் பேசுகிறார்கள். எங்கள் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அவர் பெயரை எடுத்துப் பார், நாலு மேசையிலிருந்து கதை வரும். 2010-இல் ராஜகோபால் பயிற்றுநராக இருந்து புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று அடித்துத் தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது நாடே விடுமுறை விட்டுக் கொண்டாடியது. அந்த வாரம் அவர் யார் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பழைய படத்திலேயே பார், மொக்தாரும் சோ சின் ஆனும் சந்தோக்கும் ஆறுமுகமும் ஒரே சட்டையில் நிற்கிறார்கள். அதிலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுத்து "இவர் எங்கள் ஆள்" என்று மாட்டிவைப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

மறந்துபோனது ஓடியவர்களை. அதற்கு நாட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நமக்கும் பங்கு உண்டு.

பந்து ஆடியவனுக்குக் கதை இருக்கிறது. எந்த நிமிஷம், யார் கொடுத்த பந்து, எந்தக் காலால் அடித்தான் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லலாம். வருஷத்துக்கு வருஷம் கோல் போட்ட தூரம் ஐந்து கஜம் கூடும். ஓடியவனுக்கு அந்த வசதி இல்லை, அவனிடம் இருப்பது ஓர் எண். டாக்டர் ஜெகதீசனை எடுத்துக்கொள். ரோம், தோக்கியோ, மெக்சிகோ என்று மூன்று ஒலிம்பிக். அதில் இரண்டில் 200 மீட்டர் அரையிறுதி வரை போனவர். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர், பிறகு சுகாதார அமைச்சில் உயர்பதவி வகித்தவர். 1966-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம். மெக்சிகோவில் 1968-இல் அவர் ஓடிய 20.92 விநாடி 49 வருஷம் தேசியச் சாதனையாக நின்றது. நன்றாக யோசித்துப் பார், அவர் பெயர் பத்திரிகையில் எப்போது வரும்? ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பையன் 200 மீட்டர் ஓடும்போது, "இன்னும் முறியடிக்கப்படவில்லை" என்ற வரியில் வரும். 2017-இல் மலாக்காவின் கைருல் ஹஃபீஸ் ஜந்தான் 20.90 ஓடினார். சந்தோஷமான நாள்தான், முறியடிக்கத்தானே சாதனை. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பெரிதாக எழுதினார்கள், அதற்குப் பிறகு ஜெகதீசன் பெயரை எழுதுவதற்குப் பத்திரிகைக்காரர்களுக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. விநாடியில் நூறில் இரண்டு பங்கு!

அவரையாவது பட்டமும் பதவியும் காப்பாற்றுகின்றன. அந்தத் தொடர் ஓட்டத்தில் அவரோடு ஓடிய மற்ற மூவர்? கிருஷ்ணன், ராஜலிங்கம், முகமது அரிஃபின். ஆசியாவிலேயே முதலாவதாக வந்த நால்வரில் மூன்று பேர். பேரனிடம் கேட்காதே, நம் வயதுக்காரர்களிடமே கேட்டுப் பார்.

ராஜாமணி விஷயம் இன்னும் மோசம். தாப்பாவில் பிறந்த பெண். 1964-இல் தோக்கியோவில் ஓடினார். அதே 1966 பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம். அந்த ஆண்டுதான் நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருதை முதன்முதலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆண்களில் ஜெகதீசன், பெண்களில் ராஜாமணி. முதல் வருஷமே இரண்டு பேரும் நம் பிள்ளைகள்! என் அம்மாவின் தலைமுறையில் பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டுத் திடலில் ஓடினால் தோட்டத்து லயத்தில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஓடிய ஒருத்தி அவர். நம் தமிழ்ப்பள்ளிப் பாடத்திலும் சரி, பேச்சுப்போட்டித் தலைப்பிலும் சரி, எத்தனை பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லக் கேட்டிருக்கிறாய்?

போன வருஷம் இங்கே ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். எந்தச் சங்கம் என்று கேட்காதே, சொன்னால் உனக்கும் அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஒரு நடிகரை வரவழைத்து மேளதாளத்தோடு மேடை ஏற்றினார்கள். மாலை, பொன்னாடை, ஒரு மணி நேரம் செல்ஃபி. நாட்டுக்காக ஓடிய ஒரு பெரியவர் எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். நான் போய்க் கையைப் பிடித்தேன். "நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தீங்க?" என்று என்னைக் கேட்டார். அவரைத் தேடி வருகிறவன் பழைய சக ஆசிரியராகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துவிட்டார்போல. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இதுக்கு அரசாங்கத்தையா திட்டுவது?

முன்னாள் வீரர்களுக்கு உதவ யாக்கெப் என்று அறவாரியம் இருக்கிறது, மருத்துவச் செலவுக்கும் மற்றதுக்கும் கைகொடுக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பது அறவாரியத்தின் வேலை இல்லை.

இன்னொன்றையும் யோசித்தேன். காற்பந்துக்குக் குழு வேண்டும், பந்து வேண்டும், காலணி வேண்டும். ஓடுவதற்குத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை பள்ளி விளையாட்டுப் போட்டி, சுண்ணாம்புக் கோடு, விசில், அவ்வளவுதான். 1985-இல் ஜக்கார்த்தாவில் ஆசிய வெற்றியாளராக வந்த 800 மீட்டர் ராஜ்குமார், தொண்ணூறுகளில் நெடுந்தூரம் ஓடிய ராமச்சந்திரன், 100 மீட்டரில் சாந்தி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். நம் மக்கள்தொகைக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. 1998 காமன்வெல்த் போட்டி நினைவிருக்கிறதா? 50 கிலோமீட்டர் நடை, தங்கம் சரவணனுக்கு. வேகநடையைப் பார்த்தாலே இடுப்பை ஆட்டிக் காட்டிச் சிரிக்கும் நம் ஆட்கள் அன்று வாயை மூடிக்கொண்டார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல், இந்த ஊர் வெக்கையில், ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. எனக்கு இந்த முழங்காலோடு செந்தூல் சந்தைக்குப் போய்வரவே அரைநாள்!

போன மாதம் மெர்டேக்கா ஸ்டேடியம் பக்கம் போனேன். எம்ஆர்டியில் இறங்கினால் பக்கம்தான். 118 மாடிக் கோபுரம் தலைக்கு மேல் நிற்கிறது, ஸ்டேடியத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள், அதுவரைக்கும் நிம்மதி. குத்துச்சண்டை வீரர் முகமது அலி வந்து ஜோ பக்னரோடு மோதியதும் 1975-இல் அங்கேதான். பேரனுக்கு அது மட்டும்தான் உண்மையிலேயே பிடித்தது. "தாத்தா, நீங்க அலியைப் பார்த்தீங்களா?" என்றான். டிக்கெட் வாங்கக் காசு எங்கே இருந்தது!

சரி, ஒரு வேலைக்காகவும் உனக்கு எழுதுகிறேன். இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் என்னையும் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். விளையாட்டுப் போட்டி வருகிறது. சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று நிறத்தை வைத்துக் கூப்பிடுவதற்குப் பதில் வீரர்கள் பெயரை வைக்கலாமே என்று கூட்டத்தில் சொன்னேன். ஒருவர் உடனே "புலவர்கள் பெயர் வைக்கலாம்" என்றார். புலவர்களுக்கு வகுப்பறை எல்லாம் இருக்கிறது ஐயா, திடலையாவது ஓடியவர்களுக்கு விடுங்கள் என்றேன். தலைமையாசிரியை சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒவ்வோர் இல்லத்துப் பிள்ளைகளும் தங்கள் வீரரைப் பற்றி அணிவகுப்புக்கு முன் இரண்டு நிமிஷம் பேசவேண்டும் என்பது அவரே சேர்த்த நிபந்தனை. நான் நினைக்காதது, நல்ல யோசனை.

ஜெகதீசன், ராஜாமணி, சரவணன் என்று மூன்று இல்லத்துக்கு முடிவாகிவிட்டது. நான்காவதுதான் இழுபறி. விளையாட்டு ஆசிரியர் ஆறுமுகம் பெயரைச் சொல்கிறார், பிள்ளைகளுக்கு ஸ்பைடர்மேன் என்றால் உற்சாகம் வரும் என்கிறார். எனக்கு ராஜலிங்கம், கிருஷ்ணன், அரிஃபின் மூன்று பேரையும் சேர்த்துத் 'தொடர் ஓட்ட இல்லம்' என்று வைக்க ஆசை. மூன்று பெயரைச் சட்டையில் அச்சடிக்க இடம் போதாது என்கிறார்கள். நீ முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் திடலைக் கட்டி ஆண்டவன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் உன் முடிவைச் சொல். இதற்கு வாட்ஸ்அப் போதும்.

அன்புடன்,
உன் செந்தூல் நண்பன்