மீட்ட குதிரைக்கு முதல் பத்து நாள்: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மீட்கப்படும் விலங்குகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கடற்கரைச் சாலையில் மீட்கப்பட்ட அந்தச் செம்பழுப்பு மட்டக்குதிரை ஐந்தாம் நாள் இரவு இறந்துபோன செய்தி உங்களுக்குத் தெரியும். பட்டினியில் வந்த குதிரை, தாங்கவில்லை என்று கோப்பை மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நாலாம் நாள் நடுக்கம், கால் தள்ளாட்டம், மூச்சிரைப்பு. அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இந்த வரிசை, பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று வயிறு நிறையத் தீனி போடுவதால் வரும் சாவின் வரிசை.

குதிரையைக் கட்டியிருந்த மாட்டுத் தொழுவத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இரக்கப்பட்ட ஒருவர் அவித்த காணம் (கொள்ளு) ஒரு வாளி கொண்டுவந்தார். இன்னொருவர் கருப்பட்டி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டிப்பழம் ஒரு சீப்பு. குதிரையும் வாளியை நக்கித் துடைத்தது. "நல்லா தின்னிச்சே, பொறவு எப்படி செத்துது?" என்று அவர்கள் இன்றும் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுடையது.

பட்டினி கிடக்கும் குதிரை முதலில் தன் கொழுப்பையும், பிறகு தன் தசையையும் எரித்து உயிர் வாழ்கிறது. உடம்பில் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அந்த நேரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் எகிறி, இரத்தத்தில் மிச்சமிருக்கும் அந்தத் தாதுக்களையும் செல்களுக்குள் தள்ளிவிடும். இதயமும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். பெரும்பாலும் தீனி தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் இது நடக்கும். மீட்புப் படம் எடுத்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு.

இதற்கு மருந்தே தீனிதான். அளவும் நேரமும் தவறாத தீனி. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினிக் குதிரைகளுக்குப் பல தீவனங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், லூசர்ன் எனப்படும் தீவனப் பயிரான குதிரை மசாலை உலர்த்திக் கொடுப்பதுதான் சிறந்தது என்று கண்டார்கள். அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் மெக்னீசியமும் பாஸ்பரஸும் அதிகம். முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அரைக் கிலோ. நள்ளிரவுத் தீனியும் அதில் சேர்த்தி. நாலாம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, ஆறாம் நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுமார் 1.8 கிலோ. பத்து நாள் தாண்டினால் தின்கிற அளவுக்கு, நாளைக்கு இரண்டு வேளை. இது பெரிய குதிரைக்கான கணக்கு. மட்டக்குதிரைக்கு எடைக்குத் தகுந்தபடி குறைக்க வேண்டும். சுத்தமான தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். காணம், தவிடு, கருப்பட்டி, பழம் எதுவும் இந்த நாட்களில் வாய்க்கு அருகில் வரக்கூடாது. உடம்பு பழைய எடைக்குத் திரும்ப மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும்.

கணக்குப் போட்டால் ஒரு குதிரைக்குப் பத்து நாளைக்கு ஐம்பது கிலோ உலர் மசால் போதும். அந்த ஐம்பது கிலோ அன்றைக்கு இங்கே இல்லை. ரப்பரும் தென்னையும் வாழையும் நிற்கிற மாவட்டம் இது. உலர் மசாலை வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். குதிரை வந்த பிறகு ஆள் அனுப்பினால் நடக்காது. பச்சை மசால் கிடைத்தாலும் அதில் பெரும்பகுதி தண்ணீர், அரைக் கிலோ உலர் மசாலுக்கு ஈடாக இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும். மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அது நேப்பியர் வகைப் புல். அதில் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதோடு தவிடும் சேர்ந்தால் மாதக்கணக்கில் முக எலும்பு வீங்கி, கால் நொண்டும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மாவட்டத்தில் குதிரைக்கென்று மழை ஒழுகாத ஒரு கொட்டகை, அதில் எப்போதும் நூறு கிலோ உலர் மசால், சுவரில் இந்தத் தீனி அட்டவணை. ஆனி மழையும் ஐப்பசி மழையும் பெய்கிற ஊர் என்பதால் தரையிலிருந்து உயர்த்திய மரப்பலகை மேல் மசாலை அடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்ததைத் தின்றால் குதிரைக்கு வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

அந்தக் கொட்டகை தனித்தே இருக்க வேண்டும். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய். இரத்த நீரை ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை வேறு குதிரையோடு சேர்க்கக்கூடாது. வாளியும் தூரிகையும் தனி. வந்த அன்றே டெட்டனஸ் தடுப்பு. கடற்கரைக் குதிரை என்றால் மணல் சோதனையும்: சாணத்தைக் கையுறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டால், மணல் விரல் நுனிகளில் படியும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் குதிரைக்கு ஆகாது, குடல் அசைவு நின்றுவிடும். தண்ணீர் வற்றிய உடம்பில் வலி ஊசி போட்டால் சிறுநீரகம் கெடும். மாட்டுக்குத் தேர்ந்த மருத்துவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவர்களுக்குக் குதிரை சிகிச்சையில் சில நாள் பயிற்சி கொடுத்தால் போதும். எழ முடியாத குதிரையைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோவது சிகிச்சை ஆகாது.

சபரிமலை சீசனில் இங்கே கடற்கரையில் பிள்ளைகளைச் சுமக்கும் குதிரை, சீசன் முடிந்ததும் சாலைக்கு வந்துவிடுகிறது. சவாரிக்கு வந்த ஒவ்வொரு குதிரையும் யாருடையது என்று எழுதி வைக்கக்கூட ஆள் இல்லையா? 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வழக்கில் சிக்கிய விலங்கின் பராமரிப்புச் செலவை உரிமையாளரிடமிருந்து பெற 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. பிடிப்பதற்குச் சட்டம் உண்டு, பிடித்ததை எங்கே கட்டுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். அந்த அலைச்சலில்தான் இறந்துபோன அந்த மட்டக்குதிரை மாட்டுத் தொழுவத்துக்கும் காண வாளிக்கும் போய்ச் சேர்ந்தது.

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டகை, நூறு கிலோ உலர் மசால், சுவரில் ஓர் அட்டவணை. அடுத்த சீசன் தொடங்கும் கார்த்திகைக்கு முன் இதற்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இரவுத் தீனி போட முறை வைத்து ஆட்கள் வர நாங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
குமரி மாவட்டக் குதிரைப் பராமரிப்புத் தன்னார்வலர்கள்