டர்போவுக்குக் காசு கொடுக்க முன்

யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. பொலன்னறுவையைத் தாண்டி வரும்போது உமது வான் வண்டியில் ஒயில் விளக்கு எரிந்ததையும், உடனே நிறுத்திப் பார்த்தபோது ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்ரிக்கில் ஒயில் தொடவே இல்லை என்பதையும், ஒயில் ஊற்றி மட்டக்களப்பு வரை ஓட்டியபோது எஞ்சினிலிருந்து ஊளைச் சத்தம் கேட்டதையும் விரிவாக எழுதியிருந்தீர். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கராஜ்காரர் சொல்வதால், இங்கே ஸ்ரான்லி வீதிப் பக்கம் விலை விசாரித்துச் சொல்லும்படியும் கேட்டிருந்தீர். விசாரிக்கிறேன், ஆனால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். டர்போ பழுதாகியிருக்கும் என்பதில் எனக்கும் பெரிய ஐயம் இல்லை. அது மட்டுமே பழுதாகியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா என்று அவரிடம் கேளும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தங்கையின் மகனுடைய வான். சேர்விஸ் செய்தவர்கள், ஒயிலை வடிகட்டும் பழைய பில்ரரின் இறப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனியாமல், அதன் மேலேயே புதிய பில்ரரைப் பூட்டி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், எஞ்சின் சூடேறி ஒயில் அழுத்தம் கூடும்போது ஒன்று வழுக்கி வெளியே பிதுங்கும். அதன் பிறகு ஒயில் பம்பே இருக்கும் ஒயில் முழுவதையும் வீதியில் கொட்டி முடித்துவிடும். அவனுக்குப் பரந்தன் கடந்ததும் விளக்கு எரிந்தது. ஆனையிறவு வெளியில் நின்றால் உதவிக்கு ஆள் வராது என்று எண்ணி, இயக்கச்சி வரை ஓட்டி வந்துவிட்டான். அங்கே ஒயில் ஊற்றியதும் விளக்கு அணைந்தது, எஞ்சினும் ஓடியது, ஊளைச் சத்தம் மட்டும் இருந்தது. யாழ்ப்பாணம் வந்ததும் ஒரு கராஜில் டர்போவை மாற்றிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் புதிய டர்போவும் அதே பாட்டைத் தொடங்கியது. கூடவே அடியிலிருந்து ஒரு தட்டலும் கேட்கத் தொடங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டான். சம்பைக் கழற்றியபோது அடியில் தேங்கியிருந்த ஒயில் வெயிலில் மினுங்கியது. எஞ்சினின் பிரதான சுழல்தண்டான கிராங்கோடு பிஸ்டனை இணைக்கும் கொன்றொட்டின் பெயரிங் தேய்ந்து உதிர்ந்த உலோகத்தூள் பில்ரரை அடைத்து, பில்ரர் அடைபட்டால் திறக்கும் பைபாஸ் வழியே வடிகட்டப்படாமல் மேலே போய், புதிய டர்போவை உள்ளிருந்தே அரைத்திருந்தது. அவன் கொடுத்த முதல் டர்போவின் காசு முழுவதும் வீண்.

ஒயில் விளக்கைப் பற்றி ஒரு விடயத்தை உம்மிடம் கேட்க வேண்டும். அந்த விளக்கு ஒயிலின் மட்டத்தைக் காட்டுவதன்று; பெரும்பாலான வாகனங்களில், எஞ்சினுக்குள் ஒயில் ஓடும் பிரதான வழியின் அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்கு வீழ்ந்த பிறகே அது எரியும். வீதியில் ஓடும் எஞ்சினுக்கு இரண்டு முதல் நான்கு பார் வரை வேண்டியிருக்க, அரைப் பாருக்குக் கீழே போன பிறகு கிடைக்கும் எச்சரிக்கை மிகவும் பிந்தியதே. ஆகவே விளக்கு நிலையாக எரிவதற்கு முன், வளைவுகளிலோ பிரேக் பிடிக்கும்போதோ அது ஒரு கணம் மினுக்கி அணைந்ததா என்று நினைவுபடுத்திப் பாரும். ஒயில் குறைந்த சம்பில், வண்டி சாயும்போதெல்லாம் பம்ப் காற்றை உறிஞ்சும். அப்படி மினுக்கியிருந்தால் நீர் நிறுத்துவதற்கு வெகு முன்பே பெயரிங்குகள் பட்டினி கிடக்கத் தொடங்கிவிட்டன என்று கொள்ள வேண்டும். மினுக்கவில்லையென்றால் உமக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

டர்போ ஏன் முதலில் சத்தம் போடுகிறது என்பது உமக்குத் தெரியாததன்று, இருந்தாலும் எழுதுகிறேன். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். சிறிய டர்போக்களில் இரண்டு இலட்சத்தையும் எட்டும். பெரும்பாலானவற்றில் அத்தண்டு புஷ் எனப்படும் உலோக வளையங்களுக்குள் ஒரு மெல்லிய ஒயில் படலத்தில் மிதந்தே சுழல்கிறது. ஒரு நுனியில் எஞ்சினின் புகை 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தோடு மோதிக்கொண்டிருக்க, அந்த வெப்பத்தை அள்ளிச் செல்வதும் அதே ஒயில்தான். முழு வேகத்தில் ஒயில் சில விநாடிகள் நின்றாலே புஷ் தண்டோடு உரசிவிடும். ஆனால் ஒயிலின் பாதையை நினைத்துப் பாரும்: பம்பிலிருந்து பில்ரருக்கும் பிரதான வழிக்கும், அங்கிருந்து மெயின் பெயரிங்குகளுக்கும், பின்னர் கிராங்கின் உள்ளே துளைத்த வழியால் கொன்றொட் பெயரிங்குகளுக்கும் அது போகிறது, டர்போவுக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் போவன கிளை வழிகள். டர்போவுக்கு ஒயில் கிடைக்காத அதே நேரத்தில், எரிதலின் முழு அடியையும் தாங்கும் கொன்றொட் பெயரிங்குக்கும் கிடைத்திருக்காது. டர்போ சத்தமாகச் சொல்கிறது, மற்றது சில நூறு கிலோமீற்றர் ஓடும் வரைக்கும் வாய் திறக்காமல் இருக்கிறது.

இனி எஞ்சினை ஸ்ராட் செய்ய விட வேண்டாம். ஒருமுறை ஓட விட்டுச் சத்தத்தைக் கேட்போம் என்று கராஜில் ஆசைப்படுவார்கள். அந்த ஒருமுறையில் மெருகேற்றித் தப்பவைக்கக்கூடிய கிராங் அரைத்தெடுக்க வேண்டிய கிராங்காக மாறிவிடலாம். முதலில் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, கிராங் புல்லியின் போல்ற்றில் நீண்ட கைபிடியுள்ள சொக்கற்றைப் போட்டு, எஞ்சின் சுழலும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றச் சொல்லும். சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் கொம்பிறசனால் இடைக்கிடை இறுகித் தளர்வது இயல்பு. ஓரிடத்தில் உரசிப் பிடித்தால் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்து, ஒயிலைச் சுத்தமான தட்டில் இறக்கி, ஒரு வெள்ளைத் துணியால் வடித்துப் பார்க்க வேண்டும். பில்ரரை வெட்டித் திறக்க வேண்டும். இரும்பு வாளால் அறுக்க விடாதீர், அறுக்கும் தூளும் உள்ளே விழுந்து எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும். அதற்கென்று வெட்டும் கருவி இருக்கிறது, இல்லாவிட்டால் மடிப்பு ஓரத்தைக் குறடால் விரித்தாவது எடுக்கலாம். பில்ரருக்குள் இருக்கும் தாளை மடிப்பு மடிப்பாக விரித்து, ஒயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் பிடியும். காந்தத்தில் ஒட்டும் துகள் கேம், கிராங், பம்ப் போன்ற உருக்குப் பகுதிகளிலிருந்து வந்திருக்கலாம். ஒட்டாத வெள்ளி நிறத் தகடுகள் பிஸ்டனிலிருந்தோ அலுமினியப் பெயரிங்கிலிருந்தோ வந்திருக்கும். செம்பு நிறம் தெரிந்தால் ஒன்றில் டர்போவின் புஷ், அல்லது மேற்பூச்சுத் தேய்ந்து உள்ளே இருக்கும் செம்புக் கலவை வெளிப்பட்ட பெயரிங். இவற்றைப் பிரித்தறிய சம்பைக் கழற்றி, குறைந்தது இரண்டு கொன்றொட் மூடிகளையாவது திறந்து பார்க்க வேண்டும். கூலி கூடும் என்று முறைப்படுவார்கள், ஆனால் ஒரு டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. சம்ப் திறந்திருக்கும்போது ஒயிலை உறிஞ்சும் வலையையும் பாரும். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்ரரின் அடியிலுள்ள செம்பு வளையம் கசியும் டீசல் எஞ்சின்களில் புகைக் கரி ஒயிலோடு சேர்ந்து அந்த வலையை அடைத்துவிடும். அப்போது டிப்ஸ்ரிக்கில் ஒயில் நிறைய இருந்தும் விளக்கு எரியும்.

டர்போவைக் குளிர்ந்த எஞ்சினிலேயே சோதிக்கலாம். காற்று வரும் குழாயைக் கழற்றி, தண்டின் நுனியிலுள்ள நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் சிறிய ஆட்டம் இருக்கும். புஷ்களில் ஒயில் நிரம்பாத நிலையில் அது இயல்பே, அதை வைத்துப் பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். காற்றைத் தள்ளும் சில்லின் இலைகள் டர்போவின் உட்சுவரைத் தொடக்கூடாது, சுவரில் உரசிய தழும்பும் இருக்கக்கூடாது. உள்ளும் வெளியுமாக இழுத்துத் தள்ளும்போது கைக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் அது முடிந்த டர்போ. கழற்றிப் பிரித்தால் காரணமும் தெரியும்: ஒயில் இல்லாமல் போனதென்றால் தண்டு சூட்டில் நீலம் பாரித்துப் புஷ்ஷின் உலோகம் அதில் அப்பியிருக்கும், அழுக்கு ஒயிலால் போனதென்றால் சுற்றிவர மெல்லிய கீறல்கள் இருக்கும், இலைகளின் விளிம்பு மட்டும் சிதைந்திருந்தால் வெளியே இருந்து ஏதோ உள்ளே போயிருக்கிறது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலரின் குழாயில் ஒயிற்பசை இருப்பதைக் கண்டு கலங்காதீர், எஞ்சினின் மூச்சுக்குழாயால் அவ்வளவு வரும்; தேங்கி நின்றால்தான் கவலை. அப்படித் தேங்கிய ஒயிலோடு ஓட்டினால், டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக உறிஞ்சிக்கொண்டு திறப்பை நிறுத்தினாலும் நிற்காமல் வெறிகொண்டு ஓடும். அப்போது கியர் வண்டியென்றால் மேல் கியரில் போட்டுப் பிரேக்கை அழுத்தியபடி கிளச்சை விட்டு நிறுத்த வேண்டும், அல்லது காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையைக் கிட்டக் கொண்டு போகக்கூடாது.

நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகளின் காதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியபோது, எரியாத மண்ணெண்ணெய் சம்புக்குள் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்ய, பெயரிங் தட்டுகிறதா என்று நீண்ட கம்பியைக் காதில் வைத்துக் கேட்டே அவர்கள் அந்த எஞ்சின்களைக் காப்பாற்றினார்கள். ஆனால் அவர்களுடைய இன்னொரு பழக்கம் உமது எஞ்சினில் ஆபத்தானது. எந்தச் சிலிண்டர் தட்டுகிறது என்று அறிய ஓடும் எஞ்சினில் இன்ஜெக்ரர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எல்லா இன்ஜெக்ரருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் கொமன் றெயில் எஞ்சினில், மெதுவாக ஓடும்போதே அந்தக் குழாய்க்குள் சில நூறு பார் அழுத்தம் இருக்கும், சுமையோடு ஓடும்போது அது 1000 பாரையும் தாண்டும், சீறி வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எஞ்சினின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் மூலம் சிலிண்டரை நிறுத்திப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதையே செய்யச் சொல்லும்.

பெயரிங்குகள் நன்றாக இருந்தால், புதிய ஒயிலும் பில்ரரும் போட்டு, இன்ஜெக்ரர்களின் மின் இணைப்பை எடுத்துவிட்டு ஸ்ராற்றரால் மட்டும் சுற்றி அழுத்தம் வந்த பிறகே எஞ்சினை ஓட விட வேண்டும். விளக்கு அணைந்தது போதாது. ஒயில் சுவிச்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தம் அளக்கும் கேஜ் பூட்டி, நன்றாகச் சூடேறிய பின் அழுத்தத்தை அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் வேகத்தின் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் 0.7 பார் என்பது பழைய கணக்கு, கையேடு கிடைக்காதபோது உதவும். சிலிண்டர்களின் கொம்பிறசனையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும்.

டர்போ மாற்ற வேண்டி வந்தால் ஒயில் கொண்டுவரும் குழாயையும் புதிதாகப் போடும். சூட்டில் கரி பிடித்த பழைய குழாய் புதிய டர்போவைக் கொன்றுவிடும். அதன் இணைப்பில் சிலிக்கன் பசை பூச விட வேண்டாம். திரும்பிச் செல்லும் குழாய் அடைபட்டிருந்தால் நல்ல டர்போவும் ஒயில் கக்கும். கிராங் அரைக்கும் நிலை வந்தாலோ, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின் ஒன்றைத் தேடுவது இலாபமா என்று அப்போது இருவருமாகக் கணக்குப் பார்க்கலாம்.

ஒயில் எங்கே போனது என்பதை உமது கடிதத்தில் எழுதவே இல்லை. சம்பின் போல்ற், பில்ரரின் வளையம், ஒயில் கூலர், டர்போவின் ஒயில் குழாய் ஆகியவற்றில் எது நனைந்திருக்கிறது என்று கழுவுவதற்கு முன் பார்க்கச் சொல்லும். பில்ரரின் தாளை விரித்ததும் படம் எடுத்து அனுப்பும். டர்போவின் உடலில் இருக்கும் தகட்டு எண்ணையும் சேர்த்து அனுப்பினால்தான் நான் கடைகளில் சரியான விலையைக் கேட்க முடியும்.

அன்புடன்,
உமது நண்பன்