மேல்நோக்கிப் போன ஓர் அம்பு

மதுரை,
மார்ச் 9

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. கணித நூல் ஒன்றை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கோத்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் முடித்துக் கொடுத்தேன்.

அதில் ஒரு படத்தைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். எந்த அத்தியாயத்துக்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும் என்று காட்டும் படம்; 17 பெட்டிகள், 26 அம்புகள். நம் வழக்கப்படி தாளில் போட்டுப் பார்த்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஆயத்தொலைவு கொடுத்தேன். ஆசிரியர் ஓர் அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்தார். பாதிப் படத்தை மறுபடி போட வேண்டியதாயிற்று. மூன்றாம் முறையும் அப்படி நேர்ந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லேடெக்குக்குள்ளேயே படம் வரைய உதவும் டிக்ஸ் தொகுப்பில், பெட்டிகளுக்கு அதுவே இடம் பார்த்துக் கோட்டுரு வரையும் வசதிக்கு மாறினேன். டிக்ஸை எழுதிய டில் டன்டாவின் 3.0 பதிப்போடு 2013 இறுதியிலேயே வந்துவிட்டது இது. லுவா என்ற நிரல்மொழியை உள்ளே வைத்திருக்கும் லுவாடெக்கில் மட்டும் ஓடும்.

இப்போது நான் எழுதுவது 'கணங்கள் -> சார்புகள் -> வகை நுண்கணிதம்' என்பது போன்ற வரிகள் மட்டுமே. எது எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு சொல்கூடச் சொல்வதில்லை.

உள்ளே நடப்பது சுகியாமா, டகாவா, டோடா மூவரும் 1981இல் வகுத்துக் கொடுத்த முறை. பெட்டிகளை அடுக்கடுக்காகப் பிரித்து, அம்புகளை மேலிருந்து கீழே ஓடவிடுகிறது. பல அடுக்குகளைத் தாண்டும் அம்புக்கு நடுவில் உள்ள ஒவ்வோர் அடுக்கிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொய்க்கணுவை வைக்கிறது. நீண்ட அம்புக்கும் அடுக்கில் ஓர் இடம் கிடைப்பது அதனால்தான். அடுத்தது, அடுக்குக்குள் எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்ற கேள்வி. கஷ்டமெல்லாம் அங்கேதான். ஓர் அடுக்கில் பத்துப் பெட்டி இருந்தாலே 36,28,800 வரிசைகள். மேலடுக்கை அசையாமல் வைத்துக்கொண்டாலும்கூட, அம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் மிகக் குறைந்த வரிசையைக் கண்டுபிடிப்பது என்பி-கடினம்; அதாவது, எப்போதும் வேகமாக விடை தரும் வழி எதுவும் யாருக்கும் தெரியாது.

அதற்கு இருக்கும் ஓர் எளிய உபாயம் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது: இடைநிலை, அதாவது வரிசையாக வைத்தால் நடுவில் நிற்கும் எண். 'நிகழ்தகவு' பெட்டிக்கு மேலடுக்கின் 2, 3, 6ஆம் இடங்களிலிருந்து அம்பு வருகிறதென்றால் அதன் எண் 3. இந்த எண்களை வைத்து அடுக்கை வரிசைப்படுத்தினால் போதும். சராசரி எடுத்திருந்தால் ஆறாம் இடத்து அம்பு ஒன்றே அதைத் தன் பக்கம் இழுத்திருக்கும். மேலடுக்கு அசையாத நிலையில், இந்த வழியில் வரும் வெட்டுகள் மிகச் சிறந்த வரிசையின் மூன்று மடங்கைத் தாண்டாது என்று ஈட்ஸும் வொர்மால்டும் 1994இல் நிரூபித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் புள்ளியியலில் படித்த இடைநிலைக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது, பார்!

வெளியே வரைந்து ஒட்டினால் ஆகாதா என்று நீ கேட்பாய். கிராஃப்விஸ் என்ற தனி மென்பொருள் இதே வேலையை அருமையாகச் செய்யும். ஆனால் 'அணிகளும் அணிக்கோவைகளும்' என்ற தலைப்பு என் எழுத்துருவில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? 'கோ'வுக்கு முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால். உரு கூடிய பிறகே அகலம் தெரியும். டிக்ஸ் முதலில் தலைப்பைக் கோத்து, அளந்த அகலத்தை லுவாவிடம் கொடுத்து, இடம் முடிவான பிறகே பெட்டியைத் தாளில் வைக்கிறது. படம் வரைவது அச்சுக்கோப்பவன் வேலைதான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. எல்லா அம்பும் கீழே போக, ஒன்று மட்டும் மேலே போயிருந்தது. நான் தவறாக எழுதிவிட்டேனோ என்று வரிகளைச் சரிபார்த்தேன், இல்லை. வெக்டர் பெருக்கத்துக்கு அணிக்கோவை வேண்டும் என்று ஓர் அத்தியாயம் சொல்கிறது. அணிக்கோவையின் பொருளை இணைகரத்திண்மத்தின் கனஅளவாக விளக்க இன்னொன்று வெக்டரைக் கேட்கிறது. இப்படிச் சுழல் வந்தால் நிரல் ஓர் அம்பைத் தற்காலிகமாகத் திருப்பிவைத்து அடுக்கிவிட்டு, வரையும்போது பழைய திசைக்கே மாற்றிவிடுகிறது. நான்கு தடவை மெய்ப்புப் பார்த்தும் யாருக்கும் தெரியாத பிழை அது. ஆசிரியருக்குப் படத்தை அனுப்பினேன்; கனஅளவுப் பகுதியை வெக்டர் அத்தியாயத்துக்கே மாற்றிக்கொடுத்துவிட்டார்.

நீ எழுதியிருந்த பாய்வுப் படத்தின் 40 பெட்டிகளையும் கையால் நகர்த்திக்கொண்டிருக்காதே. எது எதைச் சார்ந்தது என்ற பட்டியலை மட்டும் அனுப்பு. சனிக்கிழமை இரவு உட்கார்ந்து போட்டு அனுப்புகிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்