முப்பதிலேயே கூப்பிடுங்கள்: சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் சுகாதார, சமூகப் பராமரிப்பு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வருகிறது. எங்கள் ஆட்களும் வாசிக்கவேண்டும் என்பதால் தமிழில் பொதுவில் வைக்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். 40 வயதில் தொடங்கும் என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) இலவச உடல்நலப் பரிசோதனையைத் தெற்காசிய வம்சாவளியினருக்கு 30 வயதில் தொடங்குங்கள்.

என் மனைவியின் தம்பிக்கு 37 வயது. லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. தகப்பன் யாழ்ப்பாணத்தில் 51 வயதில் மாரடைப்பால் போனவர். அந்தப் பயத்தில், கொலஸ்ட்ரோல் பார்க்கவேண்டும் என்று போன வருடம் தன் ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) போனார். 40 ஆனதும் பரிசோதனைக்குக் கடிதம் வரும், அதற்கு முன் பார்ப்பதானால் காலை எட்டு மணிக்குப் போன் எடுங்கள் என்று வரவேற்பு மேசையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த எட்டு மணிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இரவு முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர் ஏழு மணிக்கு வேலை முடித்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து போன் எடுப்பார். வரிசையில் நிற்பவர்களுக்குப் போடும் பாட்டைக் கேட்டபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டே சோபாவில் நித்திரையாகிவிடுவார். எழும்பிப் பார்த்தால் அன்றைய இடமெல்லாம் முடிந்திருக்கும். நேரில் போனால், ஒன்லைனில் பதியச் சொல்வார்கள். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

இந்த மாசியில் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது. இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்க இரண்டு ஸ்டென்ட் வைத்து ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். அன்றிரவு அவரைப் பார்த்த எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் அங்கே ஒரு வைத்தியர், "முந்தி யாரும் இவருக்குக் கொலஸ்ட்ரோல் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. லண்டன் தெற்காசியர்களின் வயிற்றுக் கொழுப்பையும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததையும் ஆராய்ந்து, இதயநோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்று 1991-லேயே எழுதிவிட்டார்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்ற மாரடைப்பு ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதளவில், மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு வருடம் முந்தி வருவது தெரிந்தது. 25 முதல் 39 வயது வரையான தெற்காசியர்களையும் நீரிழிவு அபாயத்துக்குப் பார்க்கும்படி 2012-ல் சொன்னது, சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் உங்கள் நைஸ் அமைப்புத்தான். வைத்தியரின் கணினியில் இருக்கும் கியூரிஸ்க் 3 என்ற கணிப்புக் கருவி அதைவிட வேடிக்கை. இனத்தைக் கேட்டு, 25 வயதிலிருந்தே இதய அபாயத்துக்குக் கணக்குப் போடும். கடிதம் மட்டும் 40-ல் வரும். இனம் கேட்கும் படிவங்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. அதை வைத்து ஏதாவது செய்யவேண்டிய இடத்தில்தான் திடீரென்று எல்லோரும் சமமாகிவிடுகிறோம்.

எங்கள் பக்கம் பிழை இல்லை என்று சொல்லவில்லை. சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் நாங்கள் பொரிக்கும் ரோல்ஸைப் பார்த்தால் உங்களுக்கே நெஞ்சு வலிக்கும். சிகரெட்டும் உண்டு. ஆனால் சோற்றைக் குறையுங்கள், நடவுங்கள் என்று துண்டுப்பிரசுரம் அடிப்பவர்கள், விடிய மூன்று மணிக்குப் பெற்றோல் நிலையத்தில் தனியாக நிற்பவர் எதைச் சாப்பிடுவார் என்று ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கிரிஸ்ப்ஸும் எனர்ஜி டிரிங்கும். கடையைப் பூட்டிவிட்டு நடக்கப் போகவும் முடியாது.

சரி, துண்டுப்பிரசுரச் சண்டையை இன்னொரு நாள் பிடிக்கலாம். தயவுசெய்து வயதெல்லையை 30 ஆக்குங்கள். பரிசோதனை உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பு என்று பதில் எழுதிவிடாதீர்கள். 40 முதல் 74 வரை என்ற எல்லை 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருக்கிறது. அதைச் சபைகள் எழுதவில்லை, உங்கள் அமைச்சு எழுதியது. மாற்றுவதும் உங்கள் கையில்தான்.

மைத்துனருக்கு ஒரு தம்பி இருக்கிறார். 34 வயது, அதே தகப்பன், அதே இரவு வேலை. இப்போதுள்ள விதிப்படி அவருக்குக் கடிதம் வர இன்னும் ஆறு வருடமாவது இருக்கிறது. அவர் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டுமா என்பதை எழுத்தில் அறியத் தந்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
லண்டன்வாழ் தமிழன் ஒருவன்