செட்டிங் ஒன்றை மாற்றினால் முடிந்திருக்கும், நீங்கள் புது கம்ப்யூட்டரே விற்றுவிட்டீர்கள்

சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறு வருஷமாக உங்களிடம்தான் ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருக்கிறேன். அச்சுக்கு டைப் செய்து கொடுக்கும் என் டி.டி.பி. கடையில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் மகள் படிக்க ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து இந்த அக்டோபரில்கூட 6,000 ரூபாய் கட்டினேன். அப்படிக் கட்டின எனக்கு நவம்பரில் நடந்ததை எழுதுகிறேன், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயந்துபோய் உங்களைக் கூப்பிட்டதே அதனால்தான். கடைக்கு வருகிறவர்களின் ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் ஸ்கேன் ஆகிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அதைத் தடுக்கும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இனி பேட்ச்சே வராது என்றால் மற்றவர்களின் ஆவணங்களை வைத்திருக்கிற நான் எப்படிச் சும்மா இருப்பது?

உங்கள் சர்வீஸ் தம்பி வந்தார். விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்கும் ஹெல்த் செக் புரோகிராமை ஓட்டினார், அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று சிவப்புக் குறி வந்தது, அதைக் காட்டி "அக்கா, இதோட கதை முடிஞ்சுது, அடுத்த மாசம் ஆன் ஆகிறதே சந்தேகம், வீட்டுல இருக்கிறதும் அப்படித்தான்" என்றார். அடுத்த மாதம் ஆன் ஆகாது என்பது முழுப் பொய். சப்போர்ட் முடிந்தால் பாதுகாப்பு அப்டேட் நிற்கும், மெஷின் நிற்காது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது, நகையை வைத்து 46,500 ரூபாய்க்கு உங்களிடமே புதுசு வாங்கினேன். டேட்டா மாற்றித் தர 1,500 தனி.

அதையாவது ஒழுங்காகச் செய்தீர்களா? பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரில் பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தால் 'திருமணம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்று கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பாமினி ஃபான்ட்டைப் புது மெஷினில் போடவே இல்லை. பெண் வீட்டார் எதிரில் உட்கார்ந்திருக்க நான் பென் டிரைவில் ஃபான்ட் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் விஷயமே தெரிந்தது. போன வாரம் அக்கா மகன் வந்தவன், பரணில் இருந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கிப் பார்த்தான். 2018 கடைசியில் வாங்கியது, பிராசஸர் ஐ5-8400. "சித்தி, இது எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 லிஸ்ட்லயே இருக்கு" என்றான். ஆன் பண்ணும்போது டெலீட் கீயைத் தட்டி, மெஷினின் அடிப்படை செட்டிங் இருக்கிற பயாஸுக்குள் போனான். இன்டெல் பிடிடி என்று ஒரு வரி, எதிரே 'டிசேபிள்டு' என்று இருந்தது. அதை எனேபிள் பண்ணி, எஃப்10 அழுத்தி சேவ் செய்து, அதே ஹெல்த் செக்கை ஓட்டினான், பச்சை டிக் வந்தது. இந்த மாடலில் டிபிஎம் வசதி அந்தப் பிடிடி என்ற பெயரில் உள்ளேயே இருக்கிறதாம், அணைத்து வைத்திருந்ததுதான் குறை. எல்லாம் பத்து நிமிஷம். அன்று ராத்திரியே விண்டோஸ் 11 ஏறியது, ஒரு பைசா செலவில்லை. நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அழுகைதான் வந்தது.

வீட்டில் உள்ளது ஐ3-7100. அது விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை, சரி. ஆனால் வீட்டு உபயோக மெஷின்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்திருப்பதை ஏன் சொல்லவில்லை? 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் பண்ணினால் இலவசம். அப்டேட் பக்கத்திலேயே அதற்கான லிங்க் இருந்தது, மகளே சேர்ந்துவிட்டாள். அந்த ஒரு வருஷம் முடிந்ததும் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போடுவதா, புதுசு வாங்குவதா என்று நிதானமாக யோசித்துக்கொள்வோம். அந்த அவகாசத்தைத்தான் உங்கள் ஆள் எங்களிடம் மறைத்தார், தை மாதம் வீட்டுக்கும் ஒன்று வாங்கச் சொல்லி கொட்டேஷன் வேறு கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பிக்குத் தெரியாமல் சொல்லியிருந்தால், ஏ.எம்.சி. பணம் வாங்குகிற நீங்கள் பயாஸைத் திறந்து பார்க்கக்கூடப் பயிற்சி தரவில்லை என்று அர்த்தம். தெரிந்தே சொல்லியிருந்தால் அது ஏமாற்று. எதுவானாலும் பொறுப்பு உங்களுடையது.

புது மெஷினை எடுத்துக்கொண்டு 46,500-ஐயும், அரைகுறையாகச் செய்த டேட்டா வேலைக்கு வாங்கிய 1,500-ஐயும் திருப்பித் தாருங்கள். வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, அட்டைப்பெட்டி உட்பட அப்படியே இருக்கிறது. இதே காரணம் சொல்லி வேறு யாருக்கெல்லாம் விற்றீர்களோ அவர்களையும் கூப்பிட்டுப் பழைய மெஷினைப் பாருங்கள். என்னைப் போல நகை வைத்தவர்கள் இருப்பார்கள்.

15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம். வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், சர்வீஸ் ரிப்போர்ட், கொட்டேஷன், ஹெல்த் செக் பச்சை டிக் காட்டும் போட்டோ நான்கையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏ.எம்.சி. வாடிக்கையாளர்