போர்ட்டாவின் வாசலைத் திறந்துவிட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜெர்மனியின் ஷூல்ப்போர்ட்டா, சுருக்கமாகப் போர்ட்டா, என்ற பழைய உறைவிடப் பள்ளியைப் பற்றிய என் புத்தகம் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. மூன்று வருடம் உங்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். முன்னுரையின் கடைசிப் பத்தியில் நாலு வரி நன்றி போட்டால் அது தீராது. அதனால்தான் இந்த மடல்.

உங்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ் தெரியாது. என் மகள் ஜெர்மனில் சொல்லிவிடுவாள். ஆனாலும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று இருந்தது. புத்தகத்தைப் படிக்கப்போகிறவர்களுக்கு நான் யார் யாரிடம் கடன்பட்டவன் என்று தெரிய வேண்டாமா? பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். அவர்களை மட்டும் விட்டால் தனியாகத் தெரியும், அதனால் ஒருவர் பெயரையும் போடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் முதலில் வந்தது ஜெர்மன் தத்துவ ஆசிரியர் நீட்சேவுக்காக. 1858 முதல் 1864 வரை அவர் படித்த பள்ளி என்பதற்கு மேல் ஷூல்ப்போர்ட்டாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவர் வீடு இருந்த நௌம்பூர்க் நகரிலிருந்து ஒரு மணி நேர நடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன் இங்கிருந்தும் அம்மாவும் தங்கையும் அங்கிருந்தும் நடந்து, நடுவில் அல்ம்ரிஷ் என்ற ஊரில் சந்தித்துக்கொள்வார்கள். அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதலாம் என்பதுதான் திட்டம்.

திட்டத்தைக் கெடுத்தவர் நீங்கள், நூலகத்து அம்மா. நீட்சே என்று வாய் திறந்ததுமே சிரித்தீர்கள். இங்கே வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றீர்கள். ஆறு வருடம் இருந்த ஒரு பையனை ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிக்கு எங்கிருந்து சோறு வந்தது என்று முதலில் பாருங்கள் என்று பள்ளிக்கு முன்பு அங்கே இருந்த கிறிஸ்தவ மடத்தின் நிலங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை என் முன்னால் வைத்தீர்கள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் புத்தகத்தின் முதுகெலும்பே அங்கேதான் கிடைத்தது.

1137இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் சாலே ஆற்றங்கரைக்கு வந்து மடம் கட்டினார்கள். ‘போர்ட்டா’ என்றால் லத்தீனில் வாசல். ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வெட்டி ஆலையை ஓட்டினார்கள், சரிவுகளில் திராட்சை வைத்தார்கள். அந்தக் கால்வாய் இன்றும் வளாகத்துக்குள்ளேயே ஓடுகிறது, பெயர் சின்ன சாலே. மார்ட்டின் லூதரின் திருச்சபைச் சீர்திருத்தம் வந்தது, 1540இல் மடம் கலைக்கப்பட்டது. காடு, கழனி, தோட்டம் எல்லாம் சும்மா கிடக்க, சாக்சனியை ஆண்ட கோமகன் மோரிட்ஸ் 1543இல் அந்த வருமானத்தை வைத்து மூன்று பள்ளிகளுக்கு ஆணையிட்டார். மைசனில் 60 பையன்கள், மெர்சபூர்க்கில் 70, போர்ட்டாவில் 100. ஆறு வருடம் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசம். மெர்சபூர்க் பள்ளி நிலைக்கவில்லை, 1550இல் அதற்குப் பதில் கிரிம்மாவில் ஒன்று வந்தது. மடத்துச் சொத்து அரண்மனைக் கஜானாவில் கரைந்து போகாமல் பிள்ளைகள் தட்டில் வந்து விழுந்தது என்று நான் எழுதியிருக்கும் வரி உண்மையில் உங்களுடையது அம்மா. சொல்லாமல் எடுத்துக்கொண்டேன், மன்னியுங்கள்.

அடுத்து, ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியர் ஐயாவுக்கு. அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்தைப் பார்த்து, கோழி கிளறிய மண் மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். பதினோரு செவ்வாய்க்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினீர்கள். என் கைபேசியில் எடுத்த படங்களில் பாதி மங்கலாக வந்ததற்கு நானே காரணம், அதற்கும் நீங்கள் திட்டவில்லை.

பிள்ளைகள் பட்ட பாட்டை எனக்குச் சொன்னவரும் நீங்கள்தான். நீட்சே காலத்தில் காலை ஐந்து மணிக்கு எல்லோரும் படுக்கையை விட்டு எழுந்தாக வேண்டும். சின்னப் பையன்களை மேய்ப்பது பெரிய பையன்களின் வேலை, அதில் அடி உதைக்கும் குறைவில்லை. ரிப்பன் நெய்கிறவரின் மகன் ஃபிக்டே, பின்னாளில் பெரிய தத்துவ ஆசிரியர், 1774இல் இங்கே வந்த புதிதில் ஒரு மூத்த மாணவனின் கொடுமை தாங்காமல் ஓடிப்போனார். ராபின்சன் குரூசோ மாதிரி எங்கேயாவது ஒரு தீவில் வாழ்ந்துவிடலாம் என்று நினைப்பு. வழியில் அம்மா ஞாபகம் வர, திரும்பிவிட்டார். நீட்சேவும் ஒன்றும் ஒழுங்குப்பிள்ளை இல்லை. 1863 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு மாட்டிக்கொண்டு, வெட்கத்தோடு அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். கணக்கில் மகா மோசம். இதையெல்லாம் சொல்லும்போது ஐயா உங்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் கவனிக்காமல் இல்லை.

கீல் நகரிலிருந்து எழுதிய நண்பருக்குத் தனியாக ஒரு வணக்கம். நீட்சேவோடு அதே வகுப்பில் இருந்த பால் டாய்சன் பக்கம் என்னைத் திருப்பியவர் நீங்கள். இரண்டு பேரும் 1861இல் ஒன்றாகத் திருச்சபையில் திடப்படுத்தல் என்ற விசுவாச உறுதிச் சடங்கைப் பெற்றவர்கள். நீட்சே கடவுள் செத்துவிட்டார் என்று எழுதினார், டாய்சன் சமஸ்கிருதம் படித்து 1897இல் அறுபது உபநிடதங்களை ஜெர்மனில் கொண்டுவந்தார். 1896இல் விவேகானந்தர் கீலுக்குப் போய்ப் பார்த்தது இந்த டாய்சனைத்தான். ராமகிருஷ்ண மட வெளியீடுகளில் இந்தப் பெயரை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், போர்ட்டாவோடு ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஏழாவது அத்தியாயத்துக்கான நன்றியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 1935இல் இந்தப் பள்ளியை நாஜிகள் தங்கள் ‘நாப்போலா’க்களில் ஒன்றாக மாற்றினார்கள். ஆட்சிக்கு அடுத்த தலைமுறைத் தலைவர்களை வார்ப்பதற்கான உறைவிடப் பள்ளி. இனத் தகுதி பார்த்துப் பையன்களை எடுத்தார்கள், சீருடை போட்டார்கள், 1945 வரை அது நடந்தது. கிரேக்கமும் லத்தீனும் நானூறு வருடம் ஊறிய சுவர்கள் அதைத் தடுக்கவில்லை. அந்த அத்தியாயத்தை இரண்டு பக்கத்தில் முடித்துக்கொள்ளச் சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள். பெரியவரே, நீங்கள்தான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் அண்ணன் அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து, டப்பாவோடு கொடுத்தீர்கள். அதிலிருந்து ஒரு வரியைக்கூட மேற்கோள் காட்டவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் அந்த அத்தியாயம் இப்போது இருபத்தாறு பக்கம்.

கிழக்கு ஜெர்மனிக் காலத்தைப் பற்றி மூன்று முன்னாள் மாணவிகள் மூன்று விதமாகச் சொன்னீர்கள். மூன்றையும் அப்படியே போட்டிருக்கிறேன். சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைய மாணவர்களுக்கும் நன்றி. மொழி, இசை, அறிவியல் என்று மூன்று பிரிவிலிருந்தும் வந்து, எங்கே எது இருக்கிறது என்று சுற்றிக் காட்டினீர்கள். 1268இல் புனிதப்படுத்தப்பட்ட தேவாலயப் பீடப் பகுதியில் உங்கள் பாடல் குழு ஒத்திகை பார்த்ததை ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இறந்துபோன பழைய மாணவர்களுக்காக நவம்பரில் நடக்கும் ‘எக்கே’ நினைவுகூடலுக்கும் என்னை உட்காரவைத்தீர்கள். நீதிமான் எப்படி மடிகிறான் பாருங்கள் என்ற அந்தப் பழைய லத்தீன் பாட்டு எனக்குப் பாதிதான் புரிந்தது. பெயர்கள் புரிந்தன. மருத்துவர், பாதிரியார், கணக்கு வாத்தியார் என்று யாரும் கேள்விப்படாத மனிதர்கள்தான் அதிகம். அன்றிரவு வீட்டுக்கு வந்து நீட்சே அத்தியாயத்தைப் பாதியாக வெட்டினேன்.

அப்புறம், தாமதமாக ஓடிவந்தவனுக்காக இரண்டு தடவை நிறுத்திய பேருந்து ஓட்டுநருக்கு, மெய்ப்புப் பார்த்த மதுரைத் தங்கைக்கு, மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அலுத்துப்போன மகளுக்கு.

லத்தீன் ஐயா, உங்கள் பூதக்கண்ணாடி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை புத்தகத்தோடு கொண்டுவருகிறேன். காபி மட்டும் போதும், போன தடவை மாதிரி கேக் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தமிழ்க்காரன்