களத்தில் சிந்திய பீன்ஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவர் பகுதியில் நீங்கள் வெளியிடும் ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியலைக் கத்தரித்து ஒட்டிவைக்கும் வாசகன் நான். ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். தை மாதம் ஒருநாள் 'ஸ்பில் த பீன்ஸ்' (சொல்லுக்குச் சொல் 'பீன்ஸைச் சிந்து') என்று பலகையில் எழுதினேன். காப்பிக் கொட்டைக்கும் ஆங்கிலத்தில் பீன்ஸ்தான் பெயர். "பழமா சார், கொட்டையா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே களத்தில் அவள் அம்மா காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தார். "சிந்தினால் மேஸ்திரி திட்டுவாரே" என்றும் கவலைப்பட்டாள். ரகசியத்தைப் போட்டுடைப்பது என்று நான் விளக்குவதற்குள் வகுப்பே களத்துக்குப் போய்விட்டது.

'பிரித்துப் பார்க்காதே, அப்படியே மனப்பாடம் செய்' என்கிறது உங்கள் பட்டியல். பாதி சரி. 1979இல் ஸ்வின்னி, கட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தபோது, பழகிய மரபுத்தொடரை ஆங்கிலம் பேசுவோர் சாதாரணத் தொடரைவிட விரைவாகவே இனங்கண்டார்கள். முழுச் சொல்லாகவே அது மனத்தில் கிடக்கிறது என்பது அவர்கள் முடிவு.

ஆனால் வாய் தவறும்போது குட்டு வெளிப்படுகிறது. 'வாழ்க்கை அப்படித்தான்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'பிஸ்கட் நொறுங்கும் விதம் அதுதான்' என்றோ 'பந்து எகிறும் விதம் அதுதான்' என்றோ சொல்வார்கள். அவசரத்தில் பிஸ்கட்டே எகிறிவிடும். 1997இல் கட்டிங், பாக் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் இத்தகைய தடுமாற்றங்களை ஆய்வகத்தில் வரவழைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் பெயர்ச்சொல்லின் இடத்தில் பெயர்ச்சொல்லே போய் உட்கார்ந்தது. மூடி முத்திரையிட்ட பொட்டலமானால் இது எப்படி நடக்கும்? சேலத்தில் ஏற்காட்டுக்கான கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட என் மனைவி, "வெண்ணெய் திரண்டு வந்தும் வாய்க்கு எட்டவில்லையே" என்றார். உடைந்திருக்க வேண்டிய தாழி தப்பித்தது. பஸ்தான் போய்விட்டது.

எல்லாத் தொடரும் ஒன்றுபோல் வளைவதுமில்லை. பீன்ஸ் 'சிந்தப்பட்டது' என்றாலும் ரகசியம் ரகசியமாகவே வெளிவரும். 'கிக் த பக்கெட்' என்றால் செத்துப்போவது. பக்கெட் 'உதைக்கப்பட்டது' என்று திருப்பினால் வெறும் வாளிதான் உருளும். நம்மிடமும் அப்படியே. மூக்கை உடைக்கலாம், மூக்கு உடைபடவும் செய்யலாம். மண்டையைப் போட்டார் என்போம். மண்டை போடப்பட்டது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஆகவே பட்டியலில் ஒவ்வொரு தொடருக்கும் கீழே, அது எப்படி வளையும், எங்கே வளையாது என்று ஒரு வரி சேருங்கள். ஐந்துக்குப் பதில் நாளுக்கு இரண்டு போட்டாலும் போதும். 'பீன்ஸ்' தொடரை மீண்டும் போடுவதானால் அறுவடை முடிந்தபின் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு